அண்ணனின் நினைவுப் பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது?

பொத்தோங்பாசிர்_இளையவன் எழுதியது:

என் அண்ணனுக்கு 61 வயது. கப்பல் பட்டறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உடம்பில் சொல்லும்படியான நோய் எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர், தாம் இறந்ததும் தம் உடலை எரிக்காமல், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் ஆல்கோர் நிறுவனத்துக்கு அனுப்பி, மைனஸ் 196 பாகை செல்சியஸில் திரவ நைட்ரஜனுக்குள் வைத்துக் காப்பதற்கு ஏற்பாடு செய்து கையெழுத்தும் போட்டுவிட்டார். என்றைக்காவது மருத்துவம் வளர்ந்து தம்மை எழுப்பக்கூடும் என்பது அவர் எண்ணம். அண்ணிக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இங்கே சிங்கப்பூரின் மண்டாய் தகனச்சாலை போதுமானதாக இருந்தபோது இவருக்கு மட்டும் ஏன் போதாது என்று கேட்கிறார். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. இங்கும் அது வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நடக்குமா நடக்காதா என்பதையும் தள்ளி வைத்துவிடலாம். 1967 ஜனவரியில் முதன்முதலாக இப்படி வைக்கப்பட்ட ஜேம்ஸ் பெட்ஃபர்டு என்னும் பேராசிரியர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்பதும், இதுவரை ஒருவர்கூட எழுப்பப்படவில்லை என்பதும் அண்ணனுக்கு நன்றாகத் தெரியும்.

என் கேள்வி வேறு. உறுப்பினர்கள் தங்களுக்கென்று ஒரு நினைவுப் பெட்டி வைத்துக்கொள்ளலாமாம். படங்கள், கடிதங்கள், நாட்குறிப்புகள் ஆகியவற்றை அதில் போட்டுக் கொடுத்தால், கான்சஸ் மாநிலத்தில் நிலத்தடியில் இருக்கும் ஓர் உப்புச் சுரங்கக் கிடங்கில் வைத்துக் காப்பார்கள். எழுந்து வருபவருக்கு நினைவு அரைகுறையாகத் திரும்பினால், மீதியை அந்தப் பெட்டி நிரப்பும் என்பது எதிர்பார்ப்பு. அண்ணன் தம் பெட்டிக்காக என்னிடம் ஒரு தடித்த நோட்டைக் கொடுத்து, “என்னைப் பற்றி உனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுது, நல்லதை மட்டும் எழுதாதே” என்றார். நாற்பது பக்கம் தடையில்லாமல் ஓடிற்று. நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்துக்கு உரியது 1978 டிசம்பர் 2ஆம் தேதி. பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை பதிவான நாள். நாங்கள் அப்போது பொத்தோங் பாசிர் கம்பத்தில் (கிராமத்தில்) தகரக் கூரை வீட்டில் இருந்தோம். அண்ணனுக்கு 14 வயது, எனக்கு 7. தண்ணீர் கட்டிலுக்கு மேல் ஏறியதும் வீட்டை விட்டு வெளியேறினோம். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார், அவருடைய ஈரத் தலைமுடியை நான் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன் என்பது என் நினைவு. அந்தத் தலையில் இருந்த தேங்காயெண்ணெய் வாசம்கூட எனக்கு இன்னும் தெரிகிறது. அண்ணனோ, அப்பா அன்று இரவு வேலைக்குப் போய்விட்டார் என்றும், என்னைத் தூக்கிக்கொண்டு போனது தாம்தான் என்றும் நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிவருகிறார். அம்மா இருந்தவரை தீர்ப்புச் சொல்லவே இல்லை. “யார் தூக்கினால் என்ன, நனையாமலா வந்து சேர்ந்தீர்கள்?” என்பதோடு முடித்துவிடுவார்.

நான் என் கதையை எழுதினால், எழுந்து வரும் மனிதர் என் கதையைத் தம் நினைவாக ஏற்றுக்கொள்வார். அவர் கதையை எழுதினால், நான் பொய் என்று நம்பும் ஒன்றை என் கையாலேயே அவருக்கு ஊட்டியவன் ஆவேன். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் இருக்கிறது. நோட்டைப் படித்துவிட்டு வெள்ளத்தைப் பற்றி ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் நினைவுகூர்கிறாரா, ஒப்பிக்கிறாரா? ஒப்பிப்பவர் என்றால், அவர் என் அண்ணன்தானா, அல்லது என் அண்ணனைப் பற்றி நன்றாகப் படித்த வேறொருவரா? தத்துவம் தெரிந்தவர்களும் மருத்துவம் தெரிந்தவர்களும் இங்கு இருப்பதால் கேட்கிறேன்.


இரவுப்பணித்_தாதி எழுதியது:

வணக்கம் ஐயா. இதய அறுவை சிகிச்சைக் கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாதியாக வேலை பார்க்கிறேன். தாங்கள் கேட்டதில் என்னால் பதில் சொல்ல முடிந்தது ஒரு பகுதிதான்: குளிரில் நின்றுபோன மூளைக்கு நினைவு திரும்புமா என்பது.

பெருந்தமனியின் வளைவில் அறுவை செய்யும்போது, நோயாளியின் உடலை இதய-நுரையீரல் இயந்திரத்தின் வழியாக ஏறக்குறைய 18 பாகை வரை குளிரவைத்து, அதன்பின் அந்த இயந்திரத்தையும் நிறுத்திவிடுவது உண்டு. அந்த இருபது முப்பது நிமிடங்களுக்கு இதயத் துடிப்பு இல்லை, மூச்சு இல்லை, இரத்த ஓட்டம் இல்லை; மூளையின் மின்னலைகளைக் காட்டும் திரையில் கோடு நேராகக் கிடக்கும். முதன்முறை அந்தக் கோட்டைப் பார்த்த அன்று எனக்குக் கை சில்லிட்டுப் போயிற்று. இரண்டு நாள் கழித்து, அதே நோயாளி கண்ணைத் திறந்து, தாம் வந்த கார் இன்னும் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்தான் நிற்கிறதா, கட்டணம் ஏறிக்கொண்டே இருக்குமே என்று மகனைக் கடிந்துகொண்டார். மூளையில் ஓடும் மின்சாரம்தான் நினைவு என்றால், கோடு நேரான அந்த நேரத்திலேயே அந்தக் கார் அவர் மனத்தை விட்டுப் போயிருக்க வேண்டும். நீண்டகால நினைவு நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளின் அமைப்பில் பதிந்திருக்கிறது என்று சொல்வதன் பொருளை நான் அன்றுதான் புரிந்துகொண்டேன். தண்ணீர் வற்றினாலும் வாய்க்கால் கிடக்கிறது.

ஆனால் எல்லாம் திரும்புவதில்லை. புதிய அனுபவம் நினைவாக இறுகுவதற்கு நேரம் வேண்டும். தலையில் பலமாக அடிபட்டவருக்கு அடிபட்ட நொடியும் அதற்கு முந்திய சில நிமிடங்களும், சிலருக்குச் சில மணி நேரமும், பிறகு எப்போதுமே கிடைப்பதில்லை. எங்கள் கூடத்தில் புதிய நினைவைப் பதியவிடாத மிடாசோலம் என்ற மயக்க மருந்து கொடுத்து உள்ளே தள்ளிவரும்போது பழைய பாட்டைச் சத்தமாகப் பாடிக்கொண்டு வந்த ஒருவர், மறுநாள் தாம் பாடவே இல்லை என்று எங்களிடம் சண்டைக்கு வந்தார். அதனால் தங்கள் அண்ணன் எழுந்தாலும், தம் கடைசி நாள்கள் அவருக்குத் தெரியாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மேலும் 18 பாகை வேறு, மைனஸ் 196 வேறு. நீர் பனிக்கட்டியாக மாறினால் அணுக்களைக் கிழித்துவிடும் என்பதால், இரத்தத்தை வெளியேற்றிவிட்டு உறைகாப்பு மருந்துகளைச் செலுத்தி, கட்டியாகாமல் கண்ணாடிபோல் இறுகும்படி செய்கிறார்கள். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு வாசனையைப் பழக்கிய நுண்புழுக்களை இப்படி உறையவைத்து மீட்டபோது அவை அந்த வாசனையை மறக்காமல் இருந்தன. ஆயினும் அந்தப் புழுவுக்கு நரம்பணுக்கள் மொத்தமே 302. நமக்கு ஏறக்குறைய 8,600 கோடி. முயலின் மூளையையும் பன்றியின் மூளையையும் இணைப்புகள் குலையாமல் காத்துக் காட்டியதற்கு 2016இலும் 2018இலும் பரிசு கொடுத்தார்கள் என்பதும் உண்மைதான். அதற்கு அவர்கள் கையாண்டது குளுட்டரால்டிஹைடு என்ற நிலைப்படுத்தும் வேதிப்பொருள். அது புரதங்களை ஒன்றோடொன்று கட்டிப்போட்டுவிடும். நுண்ணோக்கியில் அந்த மூளையைப் படிக்கலாம், உயிரோடு எழுப்ப முடியாது.

எனக்கு வியப்பாக இருந்த ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். தரை அணில்கள் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் உறங்கும்போது அவற்றின் நரம்பிணைப்புகள் சுருங்கி, விழிக்கும்போது மறுபடியும் வளர்கின்றன. கோடையில் புதிர்வழியில் உணவைத் தேடக் கற்றுக்கொண்ட ஐரோப்பியத் தரை அணில்கள், உறங்கி எழுந்த வசந்தத்தில், உறங்காமல் வைக்கப்பட்டவற்றைவிட அந்தப் பாடத்தில் பின்தங்கின என்று 2001இல் ஓர் ஆய்வு காட்டியது. தாம் அறிந்த அணில்களை அடையாளம் காண்பதில் மட்டும் குறை தெரியவில்லை.

கடைசியாக, தொலைவு. உயிர்வளி கிடைக்காத மூளையில் சில நிமிடங்களிலேயே சேதம் தொடங்கிவிடும். சிங்கப்பூரில் இத்தகைய நிலையம் எதுவும் இல்லை. இங்கிருந்து அரிசோனாவுக்கு, இடையில் விமானம் மாறுவதையும் சேர்த்தால், ஒரு நாளை ஒட்டிவிடும். திடீர் மரணமாகி மரண விசாரணை அதிகாரியிடம் போனால், உடற்கூறு ஆய்வு வேறு செய்யக்கூடும். ஆகவே தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது முழு நினைவோடு எழும் அண்ணனை அல்ல, பாதி நினைவோடு எழும் அண்ணனைத்தான். மறந்த பாதியை நிரப்பும் பெரிய சுமை தங்கள் நோட்டின் மேல்தான் விழும்.


ஓய்வுபெற்ற_வாத்தியார் எழுதியது:

தாதியம்மா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

நேற்று செய்ததை இன்று தன் செயலாக உணர முடிகிற தூரம்வரை ஒருவன் அதே ஆள் என்று 17ஆம் நூற்றாண்டில் ஜான் லாக் என்னும் தத்துவ அறிஞர் சொன்னார். பின்னால் வந்த தாமஸ் ரீட் என்னும் தத்துவ அறிஞர் அதற்கு ஒரு சிக்கலை வைத்தார். சிறுவனாக இருந்தபோது தோட்டத்தில் திருடியதற்காகச் சவுக்கடி பட்டவன், இளம் அதிகாரியாகிப் பகைவரின் கொடியைக் கைப்பற்றுகிறான். அப்போது அவனுக்குச் சவுக்கடி நினைவிருக்கிறது. முதுமையில் தளபதியானபோது கொடி நினைவிருக்கிறது, சவுக்கடி மறந்துவிட்டது. லாக்கின் கணக்குப்படி தளபதியும் அதிகாரியும் ஒருவரே, அதிகாரியும் சிறுவனும் ஒருவரே, ஆனால் தளபதியும் சிறுவனும் ஒருவர் அல்லர்! இதற்கு விடையாகப் பின்னால் வந்தவர்கள், ஒவ்வொரு நாளும் அடுத்த நாளோடு கண்ணி கண்ணியாகக் கோத்திருந்தால் போதும், முதல் கண்ணியும் கடைசிக் கண்ணியும் ஒன்றையொன்று தொட வேண்டியதில்லை என்றார்கள். சங்கிலியில் நூறு ஆண்டு இடைவெளி விழுந்தாலும் அது அறாமல் இருக்குமா என்பதுதான் தங்கள் அண்ணன் எழுப்பும் கேள்வி. நேர்க்கோட்டைத் தாண்டிக் காரை நினைத்தவரைப் பார்த்தால், கண்ணிகளின் கோப்பு கெடாதவரை இடைவெளி ஒரு பொருட்டல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் தாங்கள் கேட்டது அதைவிட நுட்பமானது. நினைவுக்கும் கேட்டறிவுக்கும் இடையே உள்ள வேறுபாடு. தத்துவ அறிஞர்கள் சி. பி. மார்ட்டினும் மேக்ஸ் டாய்ச்சரும் 1966இல் ஏறக்குறைய இதே நிலையை எடுத்துக்கொண்டு விவாதித்தார்கள். ஒருவன் தன் கண்ணால் கண்ட விபத்தை நண்பனிடம் விவரமாகச் சொல்கிறான். பிறகு அவனுக்கு வேறொரு விபத்து நேர்ந்து, முதல் விபத்தைப் பற்றிய நினைவு அழிந்துபோகிறது. நண்பன் தான் கேட்டதை எல்லாம் அவனிடமே திருப்பிச் சொல்கிறான். நண்பன் சொன்னான் என்பதும் பின்னர் அவனுக்கு மறந்துபோக, செய்தி மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது. இப்போது அவன் சொல்லும் விவரம் ஒவ்வொன்றும் சரி. அந்த விவரங்களின் ஊற்றுக்கண்ணும் அவனே. இருந்தும் அவன் நினைவுகூர்கிறான் என்று சொல்ல அவர்கள் ஒப்பவில்லை. அந்த அனுபவம் அவனுக்குள் விட்டுச்சென்ற தடத்தின் வழியாகவே அது மீண்டும் வர வேண்டும்; வெளியே போய் இன்னொருவர் வாய் வழியாகச் சுற்றி வந்தால் அது நினைவாகாது என்பது அவர்கள் முடிவு. தங்கள் நோட்டு அந்த நண்பனின் இடத்தில் இருக்கிறது. அதிலும் கேடு, அந்த நண்பன் உண்மையைச் சொன்னான். தாங்களோ எது உண்மை என்பதிலேயே அண்ணனோடு மாறுபடுகிறீர்கள்.

நம் பக்கத்தையும் பார்க்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. சைவ சித்தாந்தம் உயிரின் நிலைகளை நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்று ஐந்தாக வகுக்கிறது. அடங்கிக் கிடக்கும் கடைசி நிலையிலும் உயிர் அதே உயிர்தான். ஆழ்ந்து உறங்கியவன் எழுந்து “நன்றாகத் தூங்கினேன்” என்று சொல்கிறானே, தூங்கும்போது ஒன்றுமே அறியாதவன் அதை எப்படிச் சொன்னான் என்று கேட்டு, அறிவு அடங்கினாலும் அதை உடையவன் இருந்தான் என்று முடிவு கட்டுவது நம் மரபில் பழைய வாதம். அந்தக் கணக்கில் நினைவு போனாலும் ஆள் போவதில்லை. ஆனால் உயிர் அப்படியே நிற்கும் என்றால் நோட்டும் வேண்டாம், நைட்ரஜனும் வேண்டாம். அண்ணன் இந்தச் செலவைச் செய்திருக்கவே மாட்டார். எனவே அவர் தம்மை நினைவுகளின் கோப்பாகத்தான் கருதுகிறார் என்று கொண்டு, அவர் வழியிலேயே விடை தேடுவதுதான் முறை.

மூளையைப் படித்துக் கணினியில் ஏற்றும் வழியைத் தாதியம்மா மறைமுகமாகத் தொட்டார்கள். அது வேறு பூதம். ஒன்றைப் படித்து ஒரு படி எடுக்கலாம் என்றால் இரண்டு படியும் எடுக்கலாம். இரண்டும் “நான்தான் அண்ணன்” என்று தம்பியிடம் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? கூடுவிட்டுக் கூடு பாய்ந்த சித்தர்களுக்குக்கூட இந்தச் சிக்கல் வந்ததில்லை, பழைய கூடு காலியாகத்தான் கிடந்தது.

என் யோசனை இதுதான். நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் “இது தம்பி சொல்வது” என்று எழுதுங்கள். ஒரு செய்தி தமக்கு எங்கிருந்து வந்தது என்பதை மறப்பதில்தான் நினைவுக்கும் கேட்டறிவுக்கும் இடையே உள்ள வேலி இடிந்து விழுகிறது.


பூக்கட்டியவர்_மகள் எழுதியது:

வாத்தியார் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். கோப்பு, கண்ணி என்று படித்துக்கொண்டே வந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் அம்மாவுக்கு 82 வயது. ஆறு ஆண்டுகளாக முதுமை மறதி நோய். தாங்கள் சொல்லும் கணக்குப்படி பார்த்தால், என் வீட்டில் இருப்பவர் எனக்கு யார்?

அம்மா தேக்காவில் பஃபலோ சாலைக் கடை ஒன்றில் முப்பது ஆண்டு பூக் கட்டியவர். இப்போது என்னைத் தம் தங்கை என்று நினைக்கிறார். சித்தி இறந்து பன்னிரண்டு ஆண்டாகிறது. கடந்த வெள்ளிக்கிழமை கால் கிலோ மல்லிகையும் நாரும் வாங்கி வந்து தாம்பாளத்தில் அவர் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் யாருடையதோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாரைத் தண்ணீரில் நனைத்து, இடது கைவிரலில் சுற்றி, இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு என்று காம்புகளை எதிரெதிராக வைத்து முடிச்சுப் போடத் தொடங்கினார். விரல் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. நடுவில் வாடிய மொட்டு ஒன்று வந்தபோது, அதைப் பார்க்காமலே நகத்தால் தள்ளிவிட்டார். முடிந்ததும் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து, “இரண்டு முழம் இருக்கு, யாருக்கு?” என்று கேட்டார். எனக்கு என்றேன். “உனக்கு எதுக்கு, நீ முடியை வெட்டிக்கிட்டு நிக்கிற” என்றார். சித்திக்குக் கடைசிவரை இடுப்பளவு முடி. முடியை வெட்டியவள் நான், வெட்டியதற்காகத் திட்டு வாங்கியவளும் நான். அந்த ஒரு நிமிடம் அவர் யாரோடு பேசினார் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் இளையவன் அண்ணாவுக்கு நான் சொல்ல வந்தது அதுவல்ல. நோட்டைப் பற்றியது. நோயின் தொடக்கத்தில் அம்மாவுக்கு நினைவூட்டுவதாக எண்ணிக்கொண்டு, அவருடைய கதைகளை நானே அவருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு நாள் அவருடைய திருமணம் தேங்க் ரோடு கோயிலில் நடந்ததாகத் தவறிச் சொல்லிவிட்டேன்; நடந்தது சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில். அதன் பிறகு அம்மா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் தேங்க் ரோடு கல்யாணத்தைச் சொல்கிறார். அங்கே மழை பெய்ததாகவும், செருப்பு தொலைந்ததாகவும் புதிதாகச் சேர்த்தும்விட்டார். அவருடைய கல்யாணத்தை அழித்தவள் நான். சரியான கோயில் இனி அவருக்குள் எங்கும் இல்லை, எனக்குள் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் அண்ணனுக்கு நீங்கள் அதைச் செய்துவிட வேண்டாம்.


இரவுப்பணித்_தாதி எழுதியது:

சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். தங்கள் அம்மாவின் விரல்கள் வேறு கணக்கு. 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பக்கமும் அறுவை செய்யப்பட்ட ஹென்றி மொலேசனுக்கு, அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் நினைவில் நிற்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றார். ஒவ்வொரு நாளும் அதை முதன்முறை செய்வதாகவே எண்ணிக்கொண்டு. கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் தங்குகிறது. அது போவதும் வேறு வரிசையில்தான்.

கோயில் மாறியதற்காகத் தங்களை நொந்துகொள்ள வேண்டாம். நோய் இல்லாதவர்க்கும் அப்படித்தான். ஒரு நினைவை எடுத்துப் பார்க்கும்போது அது சிறிது நேரம் இளகி, மறுபடியும் புதிதாக இறுகுகிறது என்று 2000ஆம் ஆண்டு எலிகளிடம் காட்டினார்கள். இளகிய நேரத்தில் எது ஒட்டினாலும் சேர்ந்துவிடும். நாற்பது தீபாவளிக்குச் சொன்ன கதை நாற்பது முறை வார்த்த கதை. தம்பியின் தேங்காயெண்ணெய் வாசத்துக்கும் இது பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை, மன்னிக்கவும்.


பத்திர_எழுத்தர் எழுதியது:

சட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள சட்டத்தில் இறப்புக்கு மறுபக்கம் கிடையாது. சான்றிதழ் வந்துவிட்டால் உயில் நடைமுறைக்கு வரும், மசேநிதி (மத்திய சேமநிதிச் சேமிப்பு) உரியவருக்குப் போகும், திருமணம் முடிந்துவிடும், அண்ணி விரும்பினால் மறுமணம் செய்துகொள்ளலாம். நூறு ஆண்டு கழித்து ஒருவர் எழுந்து வந்து தம் பழைய அடையாள அட்டை எண்ணைச் சொன்னாலும், அந்தப் பெயரில் உரிமை கோர இப்போது வழியில்லை. முழு உடலையும் காத்துவைத்திருந்தால் பெருவிரல் ரேகையாவது ஒத்துப்போகும். தலையை மட்டும் காக்கும் திட்டத்தை அண்ணன் எடுத்திருந்தால் அதுவும் இல்லை. சுவா சூ காங் இடுகாட்டில் புதைத்தவர்க்கே 15 ஆண்டுக்குப் பிறகு இடம் கிடையாது என்று சொல்லும் ஊர் இது. ஆகவே அவரை அண்ணன் என்று ஏற்பதற்குச் சட்டத்தை நம்பாதீர்கள். அந்த வேலை குடும்பத்துக்குத்தான்.


பொத்தோங்பாசிர்_இளையவன் எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை, எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக் கடையில் அண்ணனை உட்காரவைத்து, கைப்பேசியில் இருந்ததை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினேன். தரை அணில்களுக்குத் தலையாட்டினார். இரண்டு படிகள் என்ற இடத்தில், “இரண்டு பேர் வந்தால் ஒருவரை அண்ணியிடம் அனுப்பிவிடு” என்றார். பூக் கட்டிய அம்மாவின் கதை வந்தபோது பேசவில்லை, கோப்பி ஆறிப்போனது.

தேங்காயெண்ணெயைப் பற்றித் தாதியம்மா எழுதியதை நான் வாசிக்காமல் தாண்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். பிறகு வாசித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. “எனக்கும் அந்த வயதில் தலையில் எண்ணெய் வழியும், அம்மா விடமாட்டார்கள்” என்று மட்டும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வாத்தியார் ஐயா சொன்னபடி, எழுதி முடித்த நாற்பது பக்கங்களிலும் “இது தம்பி சொல்வது” என்று தலைப்பில் எழுதிவிட்டேன். அந்த நாற்பதும் பெட்டிக்குப் போகும். வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, வாங்கிய வீடு, பிள்ளைகள் பிறந்த நேரம், அவருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்பது, எல்லாம் யார் சொல்லி அறிந்தாலும் குற்றமில்லாத செய்திகள். அவற்றை அவர் படித்தே தெரிந்துகொள்ளட்டும். வெள்ளத்தை மட்டும் நோட்டில் எழுதப் போவதில்லை. அது எந்தப் பக்கத்திலும் இல்லாமல் இருந்து, எழுந்தவர் ஒரு நாள் தாமாகவே அதைச் சொல்லத் தொடங்கினால், அது பெட்டியிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. அதிலும் அப்பா வேலைக்குப் போயிருந்தார், தம்பியைத் தூக்கியவன் நான் என்று, என் கணக்கில் தப்பாகவே சொன்னால், அந்தத் தப்பு உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாதது.

இதைச் சொன்னதும் அண்ணன், “சொன்னேன் என்பதை யார் சரிபார்ப்பது, நீயும் இருக்கமாட்டாயே” என்று கேட்டார். அதனால் இப்படி முடிவு செய்தோம். அவர் தம் கதையைத் தம் கையால் ஒரு தாளில் எழுதுவார், நான் என் கதையை ஒரு தாளில் எழுதுவேன். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கக் கூடாது. இரண்டையும் ஓர் உறையில் போட்டு ஒட்டி, பெட்டியின் அடியில் வைத்துவிடுவோம். எழுத உட்கார்ந்தபோது அண்ணன், “ஒரு கையில் உன்னைப் பிடித்திருந்தேன், இன்னொரு கையில்…” என்று ஆரம்பித்தார். நாற்பது ஆண்டில் இந்த இன்னொரு கையைப் பற்றி அவர் சொன்னதே இல்லை. சொல்லாதீர்கள் என்று வாயைப் பொத்தாத குறையாகத் தடுத்துவிட்டேன். கேட்டிருக்கலாமே என்று இன்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உறையின் மேல், “முதலில் அவர் சொல்லி முடிக்கட்டும், பிறகு பிரியுங்கள்” என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறோம். உள்ளே இருப்பது தமிழில்தான். அன்றைக்கு அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும். நோட்டில் நாற்பத்தோராம் பக்கத்தை வெறுமனே விட்டுவிட்டு, நாற்பத்திரண்டிலிருந்து அவருடைய தேசிய சேவைக் காலத்தைத் தொடங்குகிறேன்.

ஒரு சிறிய கேள்வி மீதி இருக்கிறது. கடையில் விற்கும் சாதாரணப் பசை இருபது ஆண்டிலேயே காய்ந்து உதிர்ந்துவிடுகிறது என்பதை அப்பாவின் பழைய கடிதங்களில் பார்த்திருக்கிறேன். உப்புச் சுரங்கத்தின் வறண்ட காற்றில் நூறு ஆண்டு தாங்குவதற்கு எதைக் கொண்டு ஒட்டலாம்? அரக்கு வைக்கலாம் என்கிறார் அண்ணன். பத்திரங்களோடு பழகும் நண்பர் சொன்னால் நன்றாக இருக்கும்.